நத்தமேடும் முன்னோர் மனைவாழ்க்கையும்

திருவண்ணாமலைக் கோயிலின் கீழைக் கோபுரம் பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்றலை யாவரும் அறிவர். விசயநகர வேந்தராகிய கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்ற அஃது, தஞ்சை நாயக்கராகிய செவ்வப்பர் காலத்தில் நிறைவெய்திற்று. அக்கோயிலின் கல்வெட்டுகள் எந்த மன்னன் எந்த நிலத்தை அளித்தான், எவர் எத்தனை விளக்குக்குப் பொருள் வைத்தார் என்பவற்றை நமக்கு உரைக்கின்றன. ஆயினும், அக்கற்களைச் சுமந்த உழைப்பாளி மாலையில் எத்தகைய குடிலுக்குத் திரும்பினான், அவன் இல்லாள் எவ்வடுப்பில் எதனைச் சமைத்தாள் என வினவுவோமாயின், கல்வெட்டு விடை கூறாது. கல்லால் எடுத்தது நின்றது. மண்ணால் எடுத்தது மண்ணோடு கலந்தது. எனினும், அங்ஙனம் கலந்த மண்ணே தன்னைப் படிக்க அறிந்தார்க்கு ஒரு நூலாகும் என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மக்கள் தலைமுறை தலைமுறையாக ஓரிடத்திலேயே வாழுங்கால், மண்சுவர் இடிந்து வீழ்ந்தால் அதனை நிரவி, அதன்மேல் தரை மெழுகிப் புதுச்சுவர் எழுப்புவர். அடுப்புச் சாம்பலும் உடைந்த சட்டிபானையும் புறக்கடையிற் குவியும். நூற்றாண்டுகள் கழியவே நிலம் உயர்ந்து மேடாகும். இதனையே நாட்டுப்புறத்தார் நத்தமேடு என்பர். ஆராய்வோர் இம்மேட்டை அடுக்கடுக்காக அகழ்வர். கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. நட்ட மரக்கால் மக்கிப் போயினும், அது நின்ற குழியில் நிரம்பிய மண் நிறத்தாலும் நெகிழ்ச்சியாலும் வேறுபட்டுத் தோன்றும். அக்குழிகளை வரிசைப்படக் குறித்தால், குடில் வட்டமோ சதுரமோ என்பது புலனாகும். அடுப்படி மண்ணை நீரிற் கரைத்தால், கரிந்த தானியங்கள் மேலே மிதக்கும்.

இதற்குச் சான்று காணத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருவண்ணாமலையும் திருப்பத்தூரும் முன்னாளில் வடார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1964-65, 1967-68 ஆகிய ஆண்டுகளில் எஸ். ஆர். ராவ் என்னும் அறிஞர் இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் அகழ்ந்தனர். ஆங்குப் புதிய கற்கால மக்கள் நிலத்தைக் குடைந்து அமைத்த குழிவீடுகள் வெளிப்பட்டன. சில வட்டமாகவும் சில நீள்வட்டமாகவும் இருந்தன. குழியைச் சுற்றி மரக்கால் நட்டு, அவற்றின்மேற் கூரை வேய்ந்திருந்தனர். தீய்ந்துபோன கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. அவ்வாழ்க்கை ஏறத்தாழ கி.மு. 1400-ஆம் ஆண்டினை ஒட்டியது எனக் கரிமக் கணக்கீடு காட்டுகின்றது.

நண்பர்காள்! இக்கொள்ளினைச் சிறிது எண்ணிப் பாருங்கள். சிறுமழையே போதுமானதாகிய மானாவாரி நிலத்தில் விளைவது அது. இன்றும் நம் பக்கத்து உழவர் அதனை விதைக்கின்றனர். தவறித் தீயில் விழுந்து கரிந்த அச்சிறுமணி, அவர்தம் வேளாண்மையும் வானம் பார்த்த வாழ்க்கையும் இன்னவை எனச் சொல்கின்றது. வெந்து உண்ணப்பட்டது மறைந்தது. கரிந்து வீணானதே நமக்குச் சான்றாக எஞ்சிற்று.

குழிவீட்டிலிருந்து ஓடு வேய்ந்த இல்லத்திற்கு மக்கள் முன்னேறியதனைக் காண விழைவோர், மதுரைக்கு அணித்தாய சிவகங்கை மாவட்டத்துக் கீழடிக்குச் செல்லுதல் வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையினர் 2014-15-ஆம் ஆண்டில் அங்கே அகழத் தொடங்கினர். பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அப்பணியைத் தொடர்ந்தனர். 353 சென்டிமீட்டர் ஆழத்திற் கிடைத்த கரித்துண்டு கி.மு. 580-ஐச் சார்ந்தது என 2019-இல் வெளியான அறிக்கை கூறுகின்றது. செங்கற்சுவர்களும் உறைகிணறுகளும் ஆங்குக் காணப்பெற்றன. கூரையோட்டின் மேல்விளிம்பில் இரு துளைகள் உள. அவற்றில் நாரைக் கோத்து மரச்சட்டத்தோடு பிணித்திருத்தல் கூடும். ஓட்டின்மேல் விரலால் இழுத்த வரிப்பள்ளங்கள் மழைநீர் வழிந்தோட உதவின. நூல் நூற்ற தக்களியும் நெசவுக்குரிய எலும்பு முனைகளும், சிறுவர் ஆடிய வட்டுச் சில்லுகளும், தாயக்கட்டையும் கிடைத்தன. மான், ஆடு, காட்டுப்பன்றி ஆகியவற்றின் எலும்புகள் சிலவற்றிலுள்ள வெட்டுத்தழும்புகள் அவர்தம் உணவினைக் காட்டுகின்றன. பானையோடுகளில் ஆதன் முதலிய பெயர்கள் தமிழி எழுத்தாற் கீறப்பட்டுள்ளன. தன் கலத்தில் தன் பெயரை ஒருவர் எழுதி வைத்தனர் என்பதனால், எழுத்து அரண்மனை வாயிலோடு நில்லாமல் அடுக்களை வரை சென்றமை தெளிவாம்.

இனி, இலக்கியம் பயில்வார் ஒன்று வினவக்கூடும்: சங்கப் பாட்டுகள் இருக்க, ஓட்டுச் சில்லுகள் எற்றுக்கு? திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியது மலைபடுகடாம். அவனிடம் செல்லும் கூத்தர்க்கு வழியிலுள்ள சிற்றூரார் அளிக்கும் விருந்தினை அந்நூல் விரித்துரைக்கின்றது. அச்செங்கத்தை அடுத்த ஆண்டிப்பட்டியில் 2004-05-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தனர். பாட்டும் மேடும் ஒன்றற்கொன்று பகையல்ல. புலவர் விருந்தினராகச் சென்று முன்றிலைக் கண்டார். அகழ்வோர் புறக்கடையைக் காண்கின்றனர். இட்ட உணவினைப் பாட்டு உரைக்கும். எறிந்த கலத்தை மண் காட்டும். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி முன்னோர் வாழ்க்கை முழுதும் விளங்காது.

ஆனால் இம்மண்ணூல் நாள்தோறும் அழிகின்றது. நத்தமேட்டு மண் வளமுடையதென வயலுக்கு எடுக்கப்படுகின்றது. வீட்டடிக்கும் சாலைக்கும் வெட்டி அகற்றப்படுகின்றது. சவ்வாது மலையில் புதிய கற்காலக் கற்கோடரிகளைச் சில ஊரார் கோயிலில் வைத்து வழிபடுகின்றனர். அவர்தம் பத்தியால் அக்கருவிகள் காக்கப்பட்டன. ஆயினும் எவ்வீட்டின் தரையில், எக்கலத்தின் அருகில் அவை கிடந்தன என்னும் செய்தி மறைந்துபோயிற்று. இடத்தினின்றும் பிரிந்த பொருள், எண் அழிந்த ஒற்றை ஏட்டினை ஒக்கும்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊரூராகச் சென்று ஏடுகளைத் தேடி நம் இலக்கியத்தைக் காத்தனர். ஓரூரில் ஏடு செல்லரித்துப் போயினும், வேற்றூரில் அதன் பிரதி கிடைத்தல் கூடும். மேட்டுக்கோ பிரதி இல்லை. ஒருமுறை வெட்டுண்டால் அவ்வளவே. ஆகலின், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் நத்தமேடு உண்டோ என முதியோரைக் கேட்டறிக. கறுப்பு சிவப்புப் பானையோடுகள் தென்படின், தோண்டாமலும் எடுத்துச் செல்லாமலும், இடத்தைக் குறித்து, கிராம நிருவாக அலுவலர்க்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க. கோபுரத்தைக் காப்பார் பலர் உளர். பெயரற்ற குடிமகனின் அடுப்படியைக் காப்பது நம் கடமையாகும்.