வங்கி உளவு நிரல்களும் அவற்றை நீக்கும் முறையும்

பழந்தமிழ்ச் செய்யுட்களுட் பாலைத்திணை பயின்றோர் ஆறலை கள்வரை நன்கறிவர். அவர் சுரத்திடை நின்று, வருவோரை மறித்துப் பொருள் கவர்வர். அவர் கையில் வில் உண்டு. ஆதலின், வழிப்போவார் தொலைவிலேயே கண்டு அஞ்சி விலகுதலும் கூடும். இக்காலத்துக் கள்வருள் ஒரு சாராரோ வில்லும் ஏந்தார், வழியிலும் நில்லார். நம் மேசைமேலுள்ள கணினியினுள் நம் கையாலேயே இடம்பெற்று அமர்ந்து, நாம் வங்கியொடு பேசும் மறைமொழிகளை ஒட்டுக்கேட்டுப் பொருளைக் கவர்கின்றனர். அவர்தம் கருவியே உளவு நிரல் எனப்படும். அது புகும் வழியையும், புகுந்து செய்யும் தொழிலையும், அதனை நீக்கும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எம்மூர் நிகழ்ச்சி

எம்மூராகிய சத்தியமங்கலம் பவானியாற்றின் கரையது. விடியற்காலத்து மல்லிகைச் சந்தையாலும், மஞ்சள், வாழை முதலியவற்றின் வாணிகத்தாலும் பெயர் பெற்றது. முன்னாளில் மடியிலும் பெட்டியிலும் இருந்த பணம் இந்நாளிற் கணினியின் வழியாகவும் கைப்பேசியின் வழியாகவும் ஓரூரிலிருந்து மற்றோரூர்க்கு நொடியிற் செல்கின்றது. எம் குடும்பத்திற்கு அணுக்கரான மஞ்சள் வணிகர் ஒருவர்க்கு, சரக்கின் விலைச்சீட்டு எனத் தலைப்பிட்ட மின்னஞ்சல் ஒன்று வந்தது. உடனிணைந்த கோப்பினை அவர் திறந்தார். எழுத்துக்கள் தெளிவாகத் தோன்றவேண்டின் இப்பொத்தானை அழுத்துக என்று அது கூறிற்று, அவரும் அழுத்தினார். சீட்டு ஒன்றும் தோன்றவில்லை. தவறி வந்த அஞ்சல் போலும் என எண்ணி அதனை மறந்தார். ஒரு கிழமைக்குள் அவர்தம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணம் கணக்கினின்றும் போயிற்று.

ஊரார் நகைப்பரே என நாணி, நான்கு நாள் அவர் அதனை வீட்டாரிடத்துங் கூறிற்றிலர். பின்னர்க் கணினி பழுதுபார்ப்பார் ஒருவரைக் கொண்டு கருவி முழுதும் துடைத்துத் தூய்மை செய்தார். இடர் ஒழிந்தது என்று அமைதியுற்றார். அடுத்த திங்களில், ஈரோட்டு வாடிக்கையாளர் ஒருவர், “தாங்கள் எழுதியவாறே புதிய கணக்கிற் பணம் செலுத்திவிட்டேன்” எனத் தொலைபேசியிற் கூற, வணிகர் திகைத்தார். அவர் அவ்வாறு எழுதியதே இல்லை. கணினியைத் துடைத்தாரேயன்றி மின்னஞ்சலின் கடவுச்சொல்லை அவர் மாற்றவில்லை. திருடனை வெளியேற்றினார், அவன் கையிலிருந்த சாவியை மறந்தார். இக்கட்டுரை எழுத எம்மைத் தூண்டியது இந்நிகழ்ச்சியே.

புகும் வழி

உளவு நிரல் பெரும்பாலும் பூட்டை உடைத்துப் புகுவதன்று. அழைப்புப் பெற்றே புகுவது. முதல் வழி, மேற்கூறிய மின்னஞ்சற் கோப்பு. எழுத்துக் கோப்புக்களினுள் மேக்ரோ என்னும் கட்டளைத் தொகுதியை மறைத்து வைத்தல் கூடும். உரியவர் இசைவளித்தவுடன் அக்கட்டளை, வெளியிலிருந்து நிரலை இறக்கிக்கொள்ளும். 2014-இல் அறியப்பட்ட எமோடெட் என்னும் வங்கி நிரல் பெரிதும் இவ்வழியே பரவிற்று. பல நாட்டுக் காவல்துறையினர் கூடி 2021 ஜனவரியில் அதன் கட்டமைப்பை முடக்கினர். அவ்வாண்டு நவம்பரிலேயே அது மீண்டும் தலைகாட்டியது. இணையத்தினின்று வந்த கோப்புக்களின் மேக்ரோக்களை 2022-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தானே தடுக்கத் தொடங்கியபின், கள்வர் சுருக்கிய கோப்புக்கள் முதலிய வேறு உருவங்களை மேற்கொண்டனர்.

இரண்டாவது, விலை கொடாது பெறும் திருட்டு மென்பொருள். அதனை நிறுவுவோர் காவல் நிரலை நிறுத்துக என்னும் அறிவுரையையும் உடன் பெறுவர். கதவைத் திறந்து காவலனையும் உறங்கச் செய்வதற்கு இது நிகர். மூன்றாவது, நெடுநாள் புதுப்பிக்கப்படாத உலாவியிலும் இயக்குதளத்திலும் உள்ள ஓட்டைகள். இவ்வழியில் மட்டும், தீய பக்கத்தை ஒருமுறை பார்த்தலே சில வேளை கேடாகும்.

கைப்பேசியின் கண்ணும் இது நிகழும். வருமான வரி திரும்பத் தருவதாகக் கூறி வரும் டிரினிக் என்னும் நிரலைப் பற்றி, இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழு 2021 செப்டம்பரில் எச்சரித்தது. 27-க்கு மேற்பட்ட இந்திய வங்கிகளின் வாடிக்கையாளர் அதன் குறியாயினர். திருமண அழைப்பிதழ் என்னும் பெயரோடு வரும் செயலிக் கோப்பும் இவ்வினத்ததே.

புகுந்து செய்யும் தொழில்

2007-இல் அறியப்பட்ட ஜியஸ் என்பது இக்குலத்தின் மூத்தோருள் ஒன்று. 2011-இல் அதன் மூலநிரல் வெளிப்பட்டமையின் அதன் வழித்தோன்றல்கள் பல்கின. இவற்றின் தொழில் மூவகைப்படும். நாம் அழுத்தும் விசைகளைக் குறித்துக்கொள்ளுதல் ஒன்று. நாம் நிரப்பிய படிவத்தை, அது மறைகுறியாக மாறி வங்கிக்குச் செல்லுமுன் உலாவியினுள்ளேயே படியெடுத்தல் மற்றொன்று. வங்கியின் மெய்யான பக்கத்தின் நடுவே, கள்வன் விரும்பும் கேள்வியைச் செருகுதல் மூன்றாவது.

இம்மூன்றனுள் இறுதியதே கொடிது. முகவரியும் வங்கியினதே, பூட்டின் அடையாளமும் உண்டு, ஆயினும், ஏ.டி.எம். அட்டையின் மறைவெண்ணைக் கேட்கும் அவ்வொரு கட்டம் மட்டும் வங்கியினது அன்று. அது நம் கணினியினுள்ளேயே சேர்க்கப்பட்டது. நல்லாசிரியன் யாத்த நூலில் ஏடெழுதுவோன் ஒருவன் இடைச்செருகல் செய்தாற்போல்வது இது. தமிழ் பயிலும் நாம் பாட்டின் நடையறிந்து இடைச்செருகலை ஐயுறுகின்றோம். அவ்வையம் இப்பக்கத்தின்கண்ணும் நமக்கு வேண்டும். வழக்கமாகக் கேளாத ஒன்றை வங்கி கேட்பதாகத் தோன்றின், அவ்விடத்தே நிற்றல் வேண்டும்.

தனி மனிதரே ஏமாறுவர் என எண்ணற்க. 2018 பிப்ரவரியிற் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் அயல்நாட்டுப் பணம் அனுப்பும் ஸ்விப்ட் அமைப்பினின்றும் போலி ஆணைகள் மூன்று வெளிச்சென்றன. அவற்றின் மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். வங்கியார் கணக்கினை ஒப்புநோக்கியபொழுது அவற்றைக் கண்டுகொண்டனர். உடன் எழுந்து முயன்றமையின் ஒரு பகுதி தடுக்கப்பட்டது. நாள்தோறும் கணக்கை ஒப்புநோக்கும் பழக்கம் இல்லையாயின் அதுவும் இயலாது.

நீக்கும் முறை

ஐயம் தோன்றியவுடன் செய்யத்தக்கவற்றை வரிசையாகக் கூறுவாம். வரிசை பிறழின் பயன் குன்றும்.

1. கணினியின் இணையத் தொடர்பை உடனே துண்டிக்க. உளவன் கேட்டதை வெளியே சொல்லும் வழி அதனால் அடைபடும்.

2. வேறொரு தூய கருவியினின்றும் வங்கிக்கு அறிவித்துக் கணக்கையும் அட்டையையும் நிறுத்துவிக்க. பணம் போயிருப்பின் 1930 என்னும் எண்ணிற்கும் அறிவிக்க. விரைந்து அறிவித்தால், பணம் கைம்மாறிச் செல்லுமுன் இடையில் நிறுத்தவும் கூடும்.

3. அத்தூய கருவியினின்றே கடவுச்சொற்களை மாற்றுக. மின்னஞ்சலின் கடவுச்சொல் முதலாவதாக; ஏனையவற்றைப் புதுக்கும் கடிதங்கள் அதன் வழியே வருதலின். பிற கருவிகளில் திறந்திருக்கும் நுழைவுகள் யாவற்றையும் மூடுக. நம் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தாமே செல்லுமாறு கள்வன் விதி அமைத்திருத்தலும் உண்டு. அதனையும் தேடி அழிக்க. நோயுற்ற கணினியிலேயே புதுச்சொல்லை எழுதுதல், புதுச்சாவியையும் கள்வன் கையிற் கொடுப்பதாம்.

4. பின்னரே கணினியை ஆராய்க. விண்டோஸ் கணினியிலுள்ள டிபெண்டர் காவல் நிரலில் ‘ஆப்லைன்’ ஆய்வு என ஒன்று உண்டு. அது விண்டோஸ் எழுமுன்னரே தேடுதலின், ஒளிந்திருக்கும் நிரல் தன்னை மறைத்தல் அரிது. 2017-இல் இந்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரம் என்னும் நிலையமும் இத்தகைய தூய்மைக் கருவிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. நாம் நிறுவாத உலாவி இணைப்புக்களையும், தொலைவிலிருந்து கணினியை ஆளும் செயலிகளையும் அகற்றுக.

5. ஐயம் தீராவிடின், எழுத்துக் கோப்புக்களையும் படங்களையும் மட்டும் படியெடுத்துக்கொண்டு, வட்டினை முற்றும் அழித்து, இயக்குதளத்தைப் புதிதாக நிறுவுக. பணப் பரிமாற்றம் செய்யும் கணினிக்கு இதுவே ஐயமற்ற மருந்து.

வருமுன் காத்தல்

வங்கியின் முகவரியை நாமே தட்டெழுதுக. அஞ்சலில் வரும் இணைப்பின் வழிச் செல்லற்க. இயக்குதளத்தையும் உலாவியையும் அவ்வப்போது புதுப்பிக்க. எல்லாவற்றினும் மேலாக, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. செய்தியை முழுதும் படிக்க. பெரும்பாலோர் எண்ணை மட்டும் கண்டு, உடன் எழுதியுள்ள தொகையைக் காண்பதில்லை. கணினித்திரை பொய் கூறும் வேளையிலும் அச்செய்தி மெய் கூறக்கூடும். எம்மூர் வணிகர்க்கு வந்த செய்தியிலும் போன தொகை முன்னரே எழுதப்பட்டிருந்தது, அவர் படித்திலர்.

முடிவுரை

நாணம் நல்லதே, ஆயின் ஏமாற்றப்பட்டார்க்கு நாணம் உரியதன்று, ஏமாற்றினார்க்கே உரியது. பாரத ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் நாள் விடுத்த ஆணையில், வங்கியின் பிழையும் வாடிக்கையாளர் பிழையும் இன்றி நேர்ந்த இழப்பினை மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தார்க்குப் பொறுப்பு இல்லை என வகுத்தது. அவர்தம் கவனக்குறைவால் நேர்ந்ததாயினும், அறிவித்தபின் நிகழும் இழப்பை வங்கியே ஏற்கும் எனவும் வகுத்தது. எம் வணிகர் வாளாவிருந்த நான்கு நாள் எத்துணை விலையுடையன என்பதை இதனால் அறியலாம்.

கல்லூரியில் பயிலும் நமக்கு இவை எளிதின் விளங்கும். விடுமுறையில் ஊர் செல்லுங்கால், கணக்கெழுதும் தந்தையர்க்கும் கைப்பேசியேந்தும் அன்னையர்க்கும் அருகமர்ந்து, கடவுச்சொல்லை மாற்றவும் செய்தியை முழுதும் படிக்கவும் கற்பிப்போமாக. பிழை நேர்ந்தால் முதலில் நம்மிடம் வந்து கூறுதற்கு அவர் அஞ்சாவண்ணம் நடந்துகொள்வோமாக.