குவாசர் ஒளியில் வாயுவின் வேதியியல்: எக்ஸெல்லில் ஒரு பாடம்

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருக்கிறதா? இன்டர்நெட் இணைப்பும் இருந்தால், பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு கேலக்ஸியைச் சுற்றியிருந்த வாயுவில் மக்னீசியம் இருந்ததா, கார்பன் இருந்ததா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். டெலஸ்கோப் தேவையில்லை. அந்த வேலையை நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயின்ட்டில் உள்ள 2.5 மீட்டர் டெலஸ்கோப் ஏற்கெனவே முடித்துவிட்டது. ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே என்ற அந்தத் திட்டம் தன் தகவல்களை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. 2020-ல் வெளியான அதன் பட்டியலில் மட்டும் 7,50,414 குவாசர்கள் உள்ளன.

முதலில் குவாசர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். தொலைதூர கேலக்ஸியின் மையத்தில் இருக்கும் ராட்சதக் கருந்துளையில் வாயு விழும்போது, அந்த வாயு சூடேறிப் பிரகாசிக்கிறது. அதுதான் குவாசர். 1963-ல் மார்ட்டின் ஷ்மிட் 3சி 273 என்ற குவாசரின் நிறமாலையில் புரியாமல் கிடந்த கோடுகள் சாதாரண ஹைட்ரஜன் கோடுகளே, 16 சதவீத அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிட்டன, அவ்வளவுதான் என்று கண்டார். பிரபஞ்சம் விரிவதால் வழியிலேயே ஒளி அலை நீண்டுவிடுகிறது. இந்த நீட்சியின் அளவுதான் செம்பெயர்ச்சி.

நமக்கு இந்தப் பாடத்தில் குவாசர் ஒரு விளக்கு மட்டும்தான். அதன் ஒளி நம்மிடம் வரும் வழியில் வாயு மேகங்கள் குறுக்கிட்டால், ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். அந்த இடங்களில் நிறமாலையில் பள்ளம் விழும். அந்த வாயு கேலக்ஸிகளைச் சுற்றியுள்ள பரந்த ஒளிவட்டத்தைச் சேர்ந்தது என்று 1969-ல் ஜான் பாக்காலும் லைமன் ஸ்பிட்சரும் கூறினார்கள். குவாசரே வெளியே தள்ளிய வாயுவாக இருக்கக்கூடாதா என்ற கேள்வி அதன் பிறகும் நீடித்தது. 1986-லும் 1991-லும் ஜாக்லின் பெர்ஜரானும் உடன் உழைத்தவர்களும் பள்ளத்தின் செம்பெயர்ச்சியும் பக்கத்தில் தெரியும் கேலக்ஸியின் செம்பெயர்ச்சியும் ஒன்றே என்று காட்டியபின் மக்னீசியம் கோடுகளைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

இனி வேலைக்கு வருவோம். ஸ்கைசர்வர் தளத்தில் எக்ஸ்ப்ளோர் பகுதிக்குச் சென்று ஒரு குவாசரின் வான் ஆயங்களைக் கொடுங்கள். உதாரணத்துக்கு வலஏற்றம் 219.8002, நடுவரை விலக்கம் 11.2946 என்று கொடுத்துப் பாருங்கள். நிறமாலைப் படம் கிடைக்கும். அதிலிருந்து சிஎஸ்வி வடிவ பைலை டவுன்லோட் செய்து எக்ஸெல்லில் திறக்கவும். (தளத்தின் தோற்றம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், பட்டன்களின் பெயர் மாறினாலும் பைல் இதேதான்.) நான்காயிரம் வரிசை அளவில் எண்கள் இருக்கும். முதல் நெட்டு வரிசை அலைநீளம், ஆங்ஸ்ட்ராம் அளவில். அடுத்தது ஒளியின் அளவு. இரண்டையும் தேர்வு செய்து சார்ட் போடுங்கள். இங்கே பலர் லைன் சார்ட்டை கிளிக் செய்துவிடுவார்கள். அது வேண்டாம், அது அலைநீளத்தை வெறும் லேபிளாக எடுத்துக்கொள்ளும். ஸ்காட்டர் வகையில், புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் சார்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

படத்தில் நூற்றுக்கணக்கான சிறு பள்ளங்கள் தெரியும். எது உண்மை, எது வெறும் இரைச்சல்? கடையில் பொருளின் மேல் அச்சிட்ட பார்கோடை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு ரப்பர் பட்டையில் அச்சிட்டு இழுத்தால், கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் கூடும். ஆனால் எல்லாமே ஒரே விகிதத்தில் கூடும். செம்பெயர்ச்சியும் அப்படித்தான். ஒரு எலெக்ட்ரானை இழந்த மக்னீசியம் 2796.35, 2803.53 என்ற இரண்டு அலைநீளங்களில் உறிஞ்சும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.0026. பிரபஞ்சம் எவ்வளவு விரிந்தாலும் இந்த எண் மாறாது. மூன்று எலெக்ட்ரான்களை இழந்த கார்பனின் ஜோடி 1548.20, 1550.77, விகிதம் 1.0017. அதே நிலையில் உள்ள சிலிக்கானுக்கு 1393.76, 1402.77, விகிதம் 1.0065.

இப்போது உங்கள் படத்தில் 5592.7-லும் 5607.1-லும் இரண்டு பள்ளங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு செல்லில் பெரியதை சிறியதால் வகுங்கள். 1.0026 வருகிறது. மக்னீசியம்! அடுத்த செல்லில் 5592.7-ஐ 2796.35-ஆல் வகுத்து, விடையிலிருந்து 1-ஐக் கழியுங்கள். செம்பெயர்ச்சி 1. இத்துடன் நிறுத்தக்கூடாது. இதே வாயுவில் இரும்பு இருந்தால் அதன் 2382.77, 2600.17 கோடுகளும் இரண்டு மடங்காகி, 4765.5-லும் 5200.3-லும் வர வேண்டும். அங்கேயும் பள்ளம் இருந்தால் முடிவை நம்பலாம். ஜோடி மட்டும் பொருந்தி மற்றவை எதுவும் இல்லையென்றால் தற்செயலாகவும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 5579 ஆங்ஸ்ட்ராம் அருகே தெரியும் கூர்மையான முள்ளையோ பள்ளத்தையோ கண்டு ஏமாற வேண்டாம். முதல் முறை நான் அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து ஒரு மாலையை வீணாக்கினேன். நமது வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஆக்சிஜன் உமிழும் ஒளி அது. கழித்த பிறகும் மிச்சம் நிற்கிறது.

இதுவரை "இருக்கிறதா" என்று பார்த்தோம். "எவ்வளவு" என்ற கேள்விதான் கடினம். பள்ளத்தின் இருபுறமும் சமமாக இருக்கும் பகுதியின் சராசரியை எடுங்கள். பள்ளத்தில் உள்ள ஒவ்வொரு வரிசையிலும் ஒளி அளவை அந்தச் சராசரியால் வகுத்து 1-லிருந்து கழியுங்கள், அடுத்த வரிசைக்கான அலைநீள வித்தியாசத்தால் பெருக்குங்கள், எல்லாவற்றையும் கூட்டுங்கள். பள்ளத்தின் பரப்பு கிடைத்துவிடும். மக்னீசியம் ஜோடியில் 2796 கோட்டுக்கு உறிஞ்சும் திறன் இரண்டு மடங்கு. எனவே வாயு குறைவாக இருந்தால் அதன் பரப்பும் இரண்டு மடங்கு வரும். வாயு மிகுந்தால் விகிதம் குறைந்து 1-ஐ நெருங்கும். ஏற்கெனவே இருட்டாகிவிட்ட ஜன்னலில் இன்னொரு திரை மாட்டினால் இருட்டு கூடாதல்லவா? அப்போது பரப்பை வைத்து அணுக்களை எண்ண முடியாது. உங்கள் கணக்கில் 1.1, 1.2 என்று வந்தால், "குறைந்தபட்சம் இவ்வளவு" என்று மட்டும்தான் சொல்லலாம்.

ஹைட்ரஜனில் இதற்கு ஒரு வழி உண்டு. வாயு மிக அதிகமாக இருந்தால் அதன் 1215.67 கோடு அகன்று, இருபுறமும் சரிவான இறக்கைகள் விரிக்கும். அந்த இறக்கையின் அகலம் அணுக்களின் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆர்தர் உல்ஃப் குழுவினர் 1986-ல் இப்படிப்பட்ட மேகங்களைத் தேடிப் பட்டியலிட்டார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டில் 20,000 கோடி கோடியின் நூறு மடங்கு ஹைட்ரஜன் அணுக்கள் (2-க்குப் பின் 20 சைபர்) இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த எல்லை.

ஹைட்ரஜன் கிடைத்ததும் உலோகத்தை அதனுடன் ஒப்பிட வேண்டும். எந்த உலோகம்? இரும்புதான் எளிது, கோடுகள் நிறைய. ஆனால் இரும்பு தூசியில் ஒட்டிக்கொள்ளும். தூசியில் உள்ள இரும்பு இந்தக் கோடுகளை உண்டாக்காது. ஆகவே இரும்பு குறைவாகத் தெரிந்தால், உண்மையிலேயே குறைவா, தூசிக்குள் போய்விட்டதா என்று புரியாது. மாக்ஸ் பெட்டினி 1990-களில் துத்தநாகத்தை எடுத்துக்கொண்டார். சூரியனில் சுமார் இரண்டரைக் கோடி ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு துத்தநாக அணுதான். அவ்வளவு அரிதாக இருப்பதால் கோடு நிரம்பி வழிவதில்லை. தூசியிலும் அதிகம் ஒட்டுவதில்லை. அவர் பார்த்த மேகங்களில் உலோக அளவு பொதுவாக சூரியனில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தது. துத்தநாகத்தையும் இரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தூசி எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். இத்தனை மெல்லிய கோடுகளை நமது பைலில் தேடிப் பயனில்லை. ஹவாயில் உள்ள 10 மீட்டர் கெக் டெலஸ்கோப், சிலியில் உள்ள விஎல்டி போன்றவற்றின் நுண் நிறமாலைக் கருவிகள் வேண்டும்.

ஆரம்பத்தில் கொடுத்த ஆயங்களுக்கு இப்போது வருவோம். அந்த குவாசருக்கு முன்னால் 2.418 செம்பெயர்ச்சியில் ஒரு மேகம் இருக்கிறது. ஒளி அதைக் கடந்தது சுமார் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன். மற்ற மேகங்கள் போல் இல்லாமல், இதில் உலோகம் ஏறக்குறைய சூரியன் அளவுக்கே உள்ளது. அந்த இளம் வயதிலேயே அங்கே பல தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து வெடித்திருக்க வேண்டும். 2008-ல் புனேயின் ஐயூகா நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீஆனந்தும், நோட்டர்டேம், லெடூ, பெட்டிஜான் ஆகியோரும் விஎல்டி மூலம் இதில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறைக் கண்டார்கள். இந்த மூலக்கூறு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை நிர்ணயிக்கிறது. எனவே கோடுகளின் பலத்தை ஒப்பிட்டால் அது ஒரு தெர்மாமீட்டர். இன்று அந்த வெப்பநிலை 2.725 கெல்வின். பிரபஞ்சம் விரிந்து குளிர்ந்தது என்றால், அன்று 1-ஐயும் செம்பெயர்ச்சியையும் கூட்டிய எண் மடங்கு அதிகமாக இருந்திருக்க வேண்டும். ஒரு காலி செல்லில் 2.725-ஐ 3.418-ஆல் பெருக்கிப் பாருங்கள். 9.31 வரும். அவர்கள் அளந்தது 9.15, கூட்டியோ குறைத்தோ 0.7.