ஒப்பாவும் அத்தானும்

செமஸ்டர் லீவுல அம்மாவுக்கு கொரியன் சீரியல் பழக்கிவிட்டது நான்தான். முதல்ல 'ரிப்ளை 1988'. சியோல்ல ஒரு தெரு, அஞ்சு குடும்பம், வீட்டுக்கு வீடு கிண்ணத்துல குழம்பு போகும் வரும். "நம்ம காரைக்கால் தெரு மாதிரியே இருக்கு"ன்னு அம்மா ஒட்டிக்கிட்டாங்க. அப்பாவை அங்கேயும் 'அப்பா'ன்னே கூப்பிடறதுல அவங்களுக்கு ஏக சந்தோஷம். சிக்கல் 'ஒப்பா'வுல வந்தது.

"ஒப்பான்னா என்னடி?"

"அண்ணன்மா. பொண்ணுங்க கூப்பிடறது. லவ்வரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"அண்ணன்னு கூப்பிட்டவனையேவா கட்டிக்குவா? கருமம்!"

"அத்தை மகனைக் கட்டிக்கச் சொல்ற வீட்டுல இது கருமமா?"ன்னா அக்கா. டிவி அதோட ஆஃப். நாகப்பட்டினத்து அத்தை தன் மகனுக்கு அக்காவைக் கேட்டு ரெண்டு தடவை வந்துட்டுப் போயிருந்த நேரம் அது.

இனி பாடம். கொரியாவில் உறவை எண்ணால் அளக்கிறார்கள். அந்த அளவுக்கு 'ச்சோன்' என்று பெயர். அப்பா அம்மா 1, கூடப் பிறந்தவர் 2. பெற்றோரின் சகோதரர் 3. அவருக்குப் பெயரே 'சம்ச்சோன்', அதாவது மூணு ச்சோன். அவர் பிள்ளைகள் 4, 'சாச்சோன்'. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்: பொது மூதாதை வரை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கோடுகளை எண்ணு. எட்டு ச்சோனுக்குள் கல்யாணம் செய்ய அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. முன்பு இதைவிடக் கடுமை. குலப்பெயரும் பூர்வீக ஊரும் ஒன்றாக இருந்தாலே கூடாது. கிம்ஹே கிம் என்ற ஒரே குலத்தில் 40 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்! 1997-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2005-ல் சட்டமே மாறியது. சீரியலில் போராவும் சன்வூவும் படும் பாடு இதனால்தான், ரெண்டு பேருமே 'சொங்'.

நம்ம முறை தூரத்தை எண்ணுவதில்லை. ஒரே ஒரு பிட்டைப் பார்க்கிறது. சித்தி மகனும் 4 ச்சோன், அத்தை மகனும் 4 ச்சோன். ஆனால் அம்மாவும் சித்தியும் ஒரே பால், எனவே சித்தி மகன் அண்ணன். அப்பாவும் அத்தையும் வேறு பால், எனவே அத்தை மகன் அத்தான். ஒரே பால் 0, வேறு பால் 1 என்று வையுங்கள். ஒரு தலைமுறை மேலே போனாலும் இது வேலை செய்யும். அப்பாவோட அத்தை மகள் இருக்காங்கன்னா, தாத்தாவும் அவர் தங்கையும் வேறு பால், 1. அப்பாவும் அந்த அத்தை மகளும் வேறு பால், இன்னொரு 1. ரெண்டையும் எக்ஸ்ஆர் செய்தால் 0. அவங்க நமக்கு சித்தி முறை, பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி. எந்தப் பாட்டியைக் கேட்டாலும் ஒரு நொடியில் இதே விடை சொல்லுவார், எக்ஸ்ஆர் என்ற பேர் தெரியாமலே. லூயிஸ் ஹென்றி மோர்கன் என்ற அமெரிக்கர் 1871-ல் உலக உறவுமுறைகளைத் தொகுத்தபோது தமிழ்ச் சொற்களையும் பட்டியல் போட்டார். நம்ம அத்தை மாமா எல்லாம் அதில் இருக்காங்க.

ஆனா மரபணுவுக்கு இந்த பிட் தெரியாது. சித்தி மகனோ அத்தை மகனோ, சராசரியாக 8-ல் 1 பங்கு மரபணு பொது. ஒரே குறையுள்ள பிரதி ரெண்டு பக்கமும் இருந்து, பிள்ளைக்கு ரெண்டும் சேர்ந்து போனால்தான் சில நோய்கள் வரும். சொந்தத்தில் அந்த வாய்ப்பு கூடுகிறது. நம்ம சட்டம் வழக்கத்துக்கு வழிவிடுகிறது: 1955 இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவைத் தடுத்தாலும், வழக்கம் இருந்தால் சரி என்கிறது.

ரெண்டு நாள் கழிச்சு அக்கா காலண்டர் தாளைத் திருப்பி ச்சோன் கணக்குப் போட்டுக் காட்டினா. அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "எனக்கும் உங்க அப்பாவுக்கும் எத்தனை?"ன்னாங்க.

நாலு. அம்மா, அப்பாவுக்கு மாமன் மகள். அக்கா அதைத்தான் சொல்ல வந்தா. எங்க வீட்டுல ஏற்கெனவே அது மரம் இல்ல, சுற்றி வந்து முட்டுற கிராஃப். அத்தை மகனுக்கும் அக்காவுக்கும் அப்பா வழியா ஒரு பாதை, அம்மா வழியா இன்னொரு பாதை. ச்சோன் குறுகிய பாதையை மட்டும் எண்ணி 4-ன்னு சொல்லிடும். மரபணு எல்லாப் பாதையையும் கூட்டும், 8-ல் 1-ஐத் தாண்டும்.

அம்மா தாளை மடிச்சு வச்சாங்க. "நாத்தனார்கிட்ட இதை யாரு சொல்றது?"

குவைத்திலேர்ந்து அப்பா வெள்ளிக்கிழமை பேசுவார். அவர்கிட்ட முதல்ல சொல்லலாம்னா அக்கா. "நான் சொல்றேன், நீ சும்மா இரு"ன்னுட்டு அம்மா ரிமோட்டை எடுத்தாங்க. பதினெட்டாவது எபிசோட் பாதியில நின்னிருந்துச்சு.