மின்வடமும் செவியும்

இன்னிசையைக் கருவியின் வாயிலாகக் கேட்டு மகிழ்வோருள் ஒரு சாரார், கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அதற்கு மின்னாற்றலைக் கொண்டுவரும் வடமும் சிறந்ததாக இருத்தல் வேண்டும் என்பர். சுவரிலுள்ள மின்செருகுவாயிலிருந்து ஒலிபெருக்கும் கருவிவரை செல்லும் ஐந்தடி நீள வடத்தையே அவர்கள் கருதுகின்றனர். கருவியுடன் வரும் வடத்தின் விலை சில நூறு ரூபாய். அதற்கு மாற்றாக விற்கப்படுவனவற்றுள் பல்லாயிரம் ரூபாய் பெறுவனவும் உள. இலக்கத்தைத் தாண்டுவனவும் உள. கட்டைவிரலினும் பருத்த தடிப்பு, பின்னல் வேலைப்பாடு அமைந்த மேலுறை, பொன்முலாம் பூசிய முனைகள், அணிகலன் வைப்பது போன்ற பேழை ஆகியவற்றோடு அவை வாங்குவோர் கைக்கு வருகின்றன.

இவ்வடத்தைப் பொருத்தியவுடன் பாடலின் பின்புலம் இருண்டது, மேடை அகன்றது, பாடுவோர் குரலை மறைத்திருந்த திரை விலகிற்று என்று வாங்கியோர் வியந்துரைப்பர். இருளும் அகலமும் திரையும் கண்ணுக்குரியன. அவற்றைச் செவிக்கு ஏற்றியுரைப்பது இலக்கணை. இலக்கணை குற்றமன்று, நாவுக்குரிய இனிமையைச் செவிக்கு ஏற்றி 'இனிய குரல்' என நாமும் நாடோறும் கூறுகின்றோம். ஆயினும், அவர்கள் கூறும் மாறுதலைச் செவி கேட்டதோ, அன்றிப் பருத்த வடத்தையும் பெருவிலையையும் கண்ட கண் கேட்பித்ததோ என்னும் ஐயம் இங்கே எழுகின்றது. அவ்வையத்தை எவ்வாறு தீர்ப்பது?

முதற்கண் மின்வடத்தின் தொழில் யாதெனக் காண்போம். நம் நாட்டில் இல்லங்களுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தம் உடையது. நொடிக்கு 50 முறை அலைந்து வருவது. அமெரிக்க நாட்டில் 120 வோல்ட்டும் 60 அலைவும் ஆகும். இம்மின்சாரத்தில் பாட்டு இல்லை. பாட்டைத் தாங்கிவரும் நுண்ணிய மின்குறிப்பு வேறு வழியாகக் கருவிக்குள் வருகின்றது. மின்வடம் கொணர்வது உழைப்பதற்கு வேண்டிய ஆற்றலை மட்டுமே. அவ்வாற்றலும் வந்த வடிவிலேயே பயன்படுவதில்லை. மின்மாற்றி அதன் அழுத்தத்தை வேண்டிய அளவுக்கு மாற்றுகின்றது. திருத்தி என்னும் உறுப்பு இருபுறமும் அலையும் ஓட்டத்தை ஒருபுறமாக்குகின்றது. மின்தேக்கிகள் அதனைத் தேக்கி ஏற்றத்தாழ்வைக் குறைக்கின்றன. புதிய கருவிகள் சிலவற்றில் இவ்வமைப்பின் முறை வேறாயினும் பயன் இதுவே. ஏற்றத்தால் இறைத்த நீர் விட்டுவிட்டு வந்து விழுந்தாலும், தொட்டியில் நிறைந்தபின் அடிக்குழாய் வழியே ஒரு சீராக ஓடுதல் காண்கின்றோம் அன்றோ? பாட்டைப் பெருக்கும் பகுதி ஆற்றலைப் பெறுவது இத்தொட்டியிலிருந்தேயாம்.

வடத்தில் ஆற்றல் இழப்பு இல்லையோ எனின், உண்டு. அதன் அளவையும் காண்போம். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பியில், ஒன்றரை மீட்டர் நீள வடத்தின் போக்குக்கும் வரவுக்குமாக மூன்று மீட்டர் கொண்டால், மின்தடை ஓர் ஓமில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காம். ஓர் ஆம்பியர் ஓட்டம் செல்லும்போது 230 வோல்ட்டில் குறைவது ஒரு வோல்ட்டின் முப்பதில் ஒரு பங்கே. தெருவில் பக்கத்து வீட்டார் நீரிறைக்கும் பொறியை ஓட்டத் தொடங்கினால் நம் வீட்டு மின்னழுத்தம் இதனினும் மிகுதியாகத் தாழக்கூடும்.

மின்நிலையத்திலிருந்து பல கல் தொலைவு அலுமினியக் கம்பியிலும், பின்னர் சுவருக்குள் ஓடும் சாதாரணக் கம்பியிலும் வந்த மின்சாரத்தைக் கடைசி ஐந்தடி திருத்திவிடுமோ என்று கேட்பாரும் உளர். அதற்கு வணிகர் கூறும் விடை நயமுடையது: "கருவியின் பக்கம் நின்று நோக்கினால் அது கடைசி ஐந்தடியன்று, முதல் ஐந்தடி" என்பர். சொல்லின் திறம் பாராட்டத்தக்கதே. ஆயினும் எப்பக்கம் நின்று எண்ணினும் கருவிக்குள் உள்ள தொட்டி தொட்டியே.

பொருளின் இயல்பு இவ்வாறாயினும், 'நான் கேட்டேன்' என்பாரைக் கணக்கு ஒன்றைமட்டும் காட்டி மறுத்தல் முறையாகாது. கேட்டதாகச் சொல்வதைக் கேட்டே ஆராய்தல் வேண்டும். கண்ணின் துணையின்றிச் செவி தனித்து நிற்குமாறு செய்தல் அதற்குரிய வழியாகும்.

இவ்வழி புதியதன்று. 1784ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் மெஸ்மர் என்னும் மருத்துவர் கூறிய 'விலங்குக் காந்தம்' பற்றிப் பெரும் பேச்சு எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத அவ்வாற்றல் நோயாளிகளை நடுங்கச் செய்யும், மயங்கச் செய்யும், பின் குணப்படுத்தும் என்றனர். பதினாறாம் லூயி மன்னர் அதனை ஆராய ஒரு குழுவை அமைத்தார். அமெரிக்கத் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் பிராங்கிளினும், வேதியியல் அறிஞர் இலவாசியரும் அதில் இடம்பெற்றனர். பிராங்கிளினின் இல்லத் தோட்டத்தில் சர்க்கரைப் பாதாமி மரம் ஒன்றுக்கு மெஸ்மரின் மாணவர் தெஸ்லோன் காந்தம் ஏற்றினார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, காந்தம் ஏற்றாத மரங்களை ஒவ்வொன்றாகத் தழுவச் செய்தனர். முதல் மரத்திலேயே அவனுக்கு வியர்த்தது. நான்காம் மரத்தின் அடியில் மயங்கி வீழ்ந்தான். காந்தம் ஏற்றிய மரமோ அங்கிருந்து ஏறத்தாழ 24 அடிக்கு அப்பால் நின்றது! சிறுவன் நடித்தான் அல்லன், மயக்கம் மெய்யே. அம்மயக்கத்தை விளைத்தது மரமன்று என்பதே ஆய்வினால் வெளிப்பட்டது.

மின்வடத்திற்கும் இத்தகைய சோதனை நிகழ்ந்துள்ளது. 2004ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் இசைக்கருவி ஆர்வலர் பதினைவர் கூடினர். ஒன்று 2,500 டாலர் விலையுள்ள வடங்கள் ஒருபுறம். கருவிகளுடன் வரும் சாதாரண வடங்கள் மறுபுறம். எவ்வடம் பொருத்தப்பட்டுள்ளது என்பதைக் கேட்போர் காணாதவாறு மறைத்து, செவியால் மட்டும் அறிந்து கூறுமாறு பலமுறை தேர்ந்தனர். கிடைத்த 149 விடைகளுள் சரியானவை 73. இது நூற்றுக்கு நாற்பத்தொன்பது. காசைச் சுண்டித் தலையோ பூவோ என்று பார்த்துச் சொல்லியிருப்பினும் ஏறக்குறைய இவ்வளவே கிடைத்திருக்கும்.

இச்சோதனை ஒன்றே எல்லாவற்றையும் முடித்துவிட்டது என யாம் கூறவில்லை. கூட்டத்தில் அமர்ந்து விரைந்து விடையிறுப்பதால் செவி கலங்கும், பல நாள் கேட்டாலன்றி நுட்பம் புலப்படாது என்று வடத்தின் சார்பாளர் வாதிப்பர். நல்லது, பல நாள் கேட்கட்டும். ஒரு திங்கள் முழுதும் தம் இல்லத்திலேயே கேட்கட்டும். வடம் இன்னதென்பதைமட்டும் பிறரொருவர் மறைத்து வைக்கட்டும். காலத்தை நீட்டுவதற்குக் கண் எதற்கு? உண்டு என்பானே அதனைக் காட்டுதற்குக் கடமைப்பட்டவன். விலையை வாங்கிக்கொள்பவனும் அவனே.

அங்ஙனமாயின் வாங்கியோர் பொய் கூறினரோ எனின், இல்லை. அரையிருளில் கிடந்த கயிற்றைப் பாம்பெனக் காண்பதைத் திரிபு என்பர் அளவை நூலார். கண்டவன் உடல் நடுங்கியது மெய். அவன் வாய் குழறியதும் மெய். பாம்பு மட்டுமே இல்லை. பெருவிலை கொடுத்துப் புதுவடம் பூட்டியவர் அன்று தம் பாடலை முன்னினும் கூர்ந்து கேட்கின்றார். நெடுநாளாக அங்கிருந்தும் கவனியாத தம்புரா நாதம் அன்று அவர் செவியில் விழுகின்றது. அவர் பெற்ற இன்பம் கூர்ந்து கேட்டதன் பயன். அதற்குரிய புகழை வடம் தட்டிக்கொண்டு போகின்றது. பழைய வடத்தோடும் அவ்வாறே கூர்ந்து கேட்டிருக்கலாம்; அதற்கு ஒரு காசும் செலவில்லை.

மாணவர்களே, இதனை நீங்களும் ஆராயலாம்; மின்வடம்தான் வேண்டும் என்பதில்லை. இரு கடைத் தேயிலையோ, இரு கிணற்று நீரோ போதும். கொடுப்பவரும் தாம் கொடுப்பது எதுவென அறியாதிருத்தல் நலம். முகக்குறிப்பும் விடை சொல்லிவிடும். பத்துமுறை தேர்க. பத்தில் ஏழு சரியாக வந்தால் துள்ள வேண்டா. வெறும் ஊகத்தினாலேயே ஏறத்தாழ அறுவரில் ஒருவர் ஏழோ அதற்கு மேலோ பெறுவர். பத்தும் சரியாக வருதல் ஊகத்தினால் 1,024இல் ஒருமுறையே நிகழும்.

கம்பி எதுவாயினும் ஒன்றே என்று இதனால் கொண்டுவிடுதலும் தவறு. பாட்டைத் தாங்கிவரும் நுண்குறிப்புக் கம்பிக்குக் காப்புறை சரியாக இல்லையெனில் இரைச்சல் புகும். பெருக்கியிலிருந்து ஒலிப்பெட்டிவரை மெல்லிய கம்பியை நெடுந்தூரம் இழுத்தால் ஒலி குன்றும். மின்வடமும் ஓட்டத்தைத் தாங்கும் பருமன் உடையதாக, உறை கிழியாததாக, செருகுமுனை தளராததாக இருத்தல் வேண்டும். இன்றேல் சூடேறித் தீப்பற்றுதலும் கூடும். இவை அனைத்தும் சிறு விலைக்குக் கிடைப்பன. மற்றொன்று: கருவியில் 'உம்' என்னும் முரலொலி கேட்குமாயின், சிலர் அதனை ஒழிக்க மின்வடத்தின் மூன்றாம் முனையை அகற்றிவிடுகின்றனர். அம்முனை மண்ணோடு இணைப்பது. கருவியின் உட்கம்பி அறுந்து உலோகக் கூட்டைத் தொட்டுவிட்டால், மின்சாரத்தைத் தன்வழி ஈர்த்துக் காப்புருகியைத் துண்டித்து, கூட்டைத் தொடுவோர் உயிரைக் காப்பது அதுவே. முரலொலியின் காரணத்தை மின்பணி அறிந்தார் வந்து தேடட்டும். அவர் வருமளவும் கருவி வாய்மூடி இருக்கட்டும்.