கண்மாய் மீனும் ஹார்மோன் ஊசியும்

அபிராமம் பகுதிக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையால் நிரம்பியதும், விராலும் கெளுத்தியும் குரவையும் தாமாகவே பெருகுவதை நாம் காண்கிறோம். ஆனால் விலைக்கு வாங்கி விட்ட கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மீன்கள் எவ்வளவு கொழுத்து வளர்ந்தாலும் அக்கண்மாயில் குஞ்சு பொரிப்பதில்லை. ஆண்டுதோறும் குஞ்சு வாங்கியே தீரவேண்டும். போதாக்குறைக்கு, அவை "ஊசி போட்ட மீன்" என்ற அச்சமும் சில ஊர்களில் உலவுகிறது. இவ்விரண்டிற்கும் விளக்கம் ஒன்றே.

மீன் முதல் மாடுவரை முதுகெலும்புள்ள பிராணிகள் யாவற்றிலும் இனவிருத்திக்கான ஏற்பாடு ஏறக்குறைய ஒரே மாதிரியானது. மூளையின் அடிப்புறத்தில் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி இருக்கிறது. அதன் சாறு குழாய் எதுவுமின்றி நேரே இரத்தத்தில் கலந்துவிடும். இத்தகைய சாற்றையே ஹார்மோன் என்கிறோம். பருவம் வந்ததை மூளை உணர்ந்து பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரியின் ஹார்மோன் சினைப்பையையும் விந்துச் சுரப்பியையும் தூண்டுகிறது. பகற்பொழுது நீளும்போது கோழி மிகுதியாக முட்டையிடுவதும், பசு குறித்த நாட்களுக்கொருமுறை பருவத்திற்கு வந்து கத்துவதும் ஹார்மோன்களின் வேலையே.

பருவம் வந்ததை அறிவிக்கும் அடையாளந்தான் பிராணிக்குப் பிராணி மாறுபடுகிறது. கட்லா முதலியவை வடநாட்டுப் பேராறுகளைச் சேர்ந்தவை. மழைக்காலத்துப் புதுவெள்ளமே அவற்றுக்கு அடையாளம். தேங்கிய கண்மாய் நீரில் அவற்றின் வயிற்றில் முட்டை முதிரும். ஆனால் "இடு" என்னும் கடைசிக் கட்டளை பிட்யூட்டரியிலிருந்து வராது. முதிர்ந்த முட்டை உடலுக்குள்ளேயே கரைந்துபோகும். 1952-இல் நம் நாட்டுக்கு வந்த ஜிலேபிக் கெண்டைக்கோ வெள்ளம் தேவையில்லை, வெதுவெதுப்பான நீரே போதும். ஆண்டில் பலமுறை ஈன்று, கண்மாயை நிரப்பி, இரை போதாமல் தானும் சிறுத்துவிடுகிறது!

முற்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் வலைகட்டிக் குஞ்சு பிடித்து, மண்பானைகளில் இரயிலேற்றி அனுப்பினார்கள். வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் அவற்றுடன் கலந்து வந்தன. 1930-களில் பிரேஸில் நாட்டு அறிஞர்கள் பிட்யூட்டரிச் சாற்றை ஊசிமூலம் செலுத்தி மீன்களை முட்டையிடச் செய்தனர். நம் நாட்டுப் பெருங்கெண்டைகளில் இதைச் சாதித்தவர்கள், ஒடிசாவில் கட்டாக் மீன் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த ஹீராலால் சௌதுரியும் அலிக்குஞ்ஞியும் ஆவர். அந்நாள் 1957 ஜூலை 10. மீன் வளர்ப்போர் தினமாக இன்றும் அது கொண்டாடப்படுகிறது.

முறை எளியது. முதிர்ந்த மீனின் தலையிலிருந்து சுரப்பியை எடுத்து, அரைத்து, வடித்துத் தாய்மீனுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறையும், ஆண்மீனுக்கு ஒருமுறையும் ஊசி போடுவார்கள். வெள்ளம் கொடுக்கவேண்டிய கட்டளையை ஊசி கொடுத்துவிடுகிறது. சில மணி நேரத்தில் மீன் முட்டையிடும். ஒரு நாளைக்குள் குஞ்சு பொரியும். இப்போது செயற்கை ஹார்மோன் மருந்து வந்துவிட்டதால் ஒரே ஊசி போதுமானதாகிறது.

எனவே ஊசி தாய்மீனுக்கே அன்றி, நாம் உண்ணும் மீனுக்கு அன்று. தாயின் உடலிலும் அது சில நாட்களில் சிதைந்துவிடும். கண்மாயில் மீன் கொழுப்பது இரையால், ஊசியால் அல்ல. ஜிலேபிக் குஞ்சுகளை ஆணாக்குவதற்கு ஆரம்பத்தில் சில வாரங்கள் ஹார்மோன் கலந்த தீனி கொடுப்பதுண்டு. அது வேறு முறை, இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது.

நாம் கவலைப்படவேண்டியது வேறொன்று. ஊசியிருப்பதால் ஒரே குடும்பத்து மீன்களையே மீண்டும் மீண்டும் இணைத்துக் குஞ்செடுப்பது எளிதாகிவிட்டது. அவ்வாறு பிறந்த குஞ்சுகள் வளர்ச்சி குன்றும். கட்லாவையும் ரோகுவையும் கலந்தெடுத்த குஞ்சுகளும் தனி இனமென்றே விற்கப்படலாம். ஆகையால் குஞ்சு வாங்கப் போகும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் விலையை மட்டும் கேட்டுத் திரும்பாமல், தாய்மீன்கள் எங்கிருந்து வந்தன, எப்போது மாற்றப்பட்டன என்றும் கேட்கவேண்டும். நம் கண்மாய்களில் நீர் நிற்பது சில மாதங்களே. ஆதலால் பொரித்த குஞ்சை விடாமல், விரல் நீளம் வளர்ந்த குஞ்சையே வாங்கி விடுதல் நலம்.