ஆட்டிசமும் வயதுவந்தோர் வாழ்வும்

திருவொற்றியூரில் நாம் அறிந்த இல்லம் ஒன்றில் முப்பத்திரண்டு வயதான இளைஞர் ஒருவர் உள்ளார். நாள்தோறும் காலையில் மின்சார இரயிலேறி இராயபுரம் சென்று, உறவினரின் நோட்டுப் புத்தகக் கடையில் சரக்குகளை எண்ணி அடுக்கிவிட்டு, மாலை ஐந்து மணிக்குத் திரும்புகிறார். அண்மையில் அங்குச் சென்ற நாம், "தம்பி காப்பி அருந்துவாரா?" என்று அவர்தம் அன்னையாரை வினவினோம். அருகிருந்த இளைஞரோ, "எனக்கு மோர் போதும்" என்றார். எழுபதைக் கடந்த ஆசிரியையான நமக்கு அஃது ஒரு பாடமாயிற்று. அவரைப் பற்றிய வினாவை அவரிடமே அன்றோ கேட்டிருத்தல் வேண்டும்?

ஆட்டிசம் நோயன்று, மூளை வளர்ச்சியில் இளமையிலேயே அமையும் வேறுபாடு. 1943இல் லியோ கானர் என்னும் மருத்துவர் அதனைக் குழந்தைகளிடம் கண்டு விளக்கினார். அதனால் அது குழந்தைகளுக்கே உரியதென நெடுங்காலம் எண்ணப்பட்டது. குழந்தை வளர்ந்து பெரியவராகும். ஆட்டிசமும் உடன் நிற்கும். சிலர் நன்கு பேசுவர். சிலர் எழுதியோ படங்காட்டியோ உணர்த்துவர். பேசாமை அறியாமை ஆகாது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் எழுப்பும் ஒலி நமக்கு எரிச்சல் தரும். ஆட்டிசம் உள்ளவர் சிலருக்கு அது தாங்கொணாத் துன்பம். தொழிற்சாலை நெடியும் அத்தகையதே. அவர்கள் காதைப் பொத்துவதும் உடலை அசைப்பதும் தம்மை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழிகளாம். வகுப்பறையில் அத்தகைய மாணவரைப் பிடிவாதக்காரர் என நாமே கடிந்ததுண்டு. நாம் பெற்ற ஆசிரியப் பயிற்சியில் இதற்கான பாடம் இல்லை.

மாறாத நேர ஒழுங்கு இவர்களுக்கு ஊன்றுகோல். பொழுது சாயுமுன் உண்ணும் நம் இல்லங்களின் வழக்கம் இவ்வகையில் நன்றே. மாற்றம் நேருமாயின் முன்னரே எடுத்துரைத்தல் வேண்டும். முன்னறிவிப்பின்றி வரும் இடர்களும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிய, மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அத்தகைய இரவில் எப்பையை எடுப்பது, எங்குச் செல்வது, யாருடன் செல்வது என்பதைப் படம் வரைந்து, பகற்பொழுதிலேயே பலமுறை நடந்து பழக்குதல் நலம்.

"எமக்குப் பின் யார்?" என்பதே பெற்றோரின் தீராக் கவலை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, தேவைப்படுவோர்க்குப் பதினெட்டு வயதுக்குப் பின் சட்டக் காப்பாளரை அமர்த்த உள்ளூர்க் குழு உண்டு; மாவட்ட ஆட்சியர் அதில் உறுப்பினர். எல்லோர்க்கும் காப்பாளர் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் காப்பாளர் அவருடன் கலந்தே முடிவெடுத்தலை வலியுறுத்துகிறது. ஆகவே பெற்றோர் உடல்நலத்துடன் இருக்கும்போதே அவரையும் உடன் அமர்த்திப் பேசுதல் கடமை.

குடும்பத்தோடு சிந்திக்க:
1. நம் உறவினருள் இத்தகையவரிடம் நேரே பேசுகிறோமா?
2. விழாக்களில் அவர் ஒதுங்கி இருக்க அமைதியான இடம் ஒன்று தருகிறோமா?
3. அவர்தம் விருப்பத்தைக் கேட்டபின், விடை வரும்வரை காத்திருக்கிறோமா?