கடை இல்லை, போர்டு இல்லை. தொழில் வரி உண்டா?

கேள்வி: அம்பத்தூரில் வீட்டிலிருந்தபடியே மூன்று நிறுவனங்களுக்கு விளம்பர டிசைன் செய்து தருகிறேன். மாதம் சுமார் 30,000 ரூபாய் வரும். வேறு வருமானம் இல்லை. ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். இப்போது மாநகராட்சியிலிருந்து தொழில் வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏற்கெனவே வரி பிடித்தம் ஆகும்போது இதையும் கட்ட வேண்டுமா ஐயா?

– ஒரு வாசகி, சென்னை

பதில்: கட்டத்தான் வேண்டும், சகோதரி. டி.டி.எஸ். மத்திய அரசின் வருமான வரிக் கணக்கில் சேர்வது. தொழில் வரி உங்கள் மாநகராட்சிக்குச் சேர்வது. ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாது. கடை, போர்டு இருக்கிறதா என்று சட்டம் பார்ப்பதில்லை. தொழில் செய்து சம்பாதிக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறது. சம்பளக்காரர்களுக்கு நிறுவனமே பிடித்துக் கட்டிவிடும். உங்களைப்போல் பில் போட்டு வேலை செய்பவர்கள் தாமாகவே கட்ட வேண்டும். இதை யாரும் சொல்லித் தராததால்தான் பலர் நோட்டீஸ் வரும்வரை தெரியாமலே இருந்துவிடுகிறார்கள்.

சென்னையில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரி கிடையாது. 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உங்களுக்கு வருவது சுமார் 1,80,000. ஆக, இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2,500 ரூபாய். அரசியல் சாசனத்தின் 276-ஆம் பிரிவு விதிக்கும் உச்சவரம்பும் அதுவே. வருமானம் எவ்வளவு கூடினாலும் இந்த வரி அதற்கு மேல் ஏறாது.

நோட்டீஸில் எந்தெந்த அரையாண்டுகளுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். நீங்கள் தொழில் தொடங்காத காலத்துக்கும் சேர்த்துக் கேட்டிருந்தால், வங்கிக் கணக்கு விவரத்தை இணைத்து எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்து, நகலில் முத்திரையுடன் கையொப்பம் வாங்குங்கள். பணத்தை மாநகராட்சி இணையதளத்திலோ மண்டல அலுவலகத்திலோ செலுத்துங்கள். ரசீது இல்லாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள். அந்த ரசீதைத் தொழில் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்டலாம்.

என் கவலை வேறு. உங்களிடம் பிடித்த டி.டி.எஸ். ஆண்டுக்குச் சுமார் 36,000 ரூபாய் ஆகிறது. இந்த வருமானத்துக்குப் புதிய வரி முறையில் வருமான வரியே வராது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்தப் பணம் முழுவதும் உங்கள் கணக்குக்குத் திரும்பி வரும். இதுவரை செய்யவில்லை என்றால், கெடு முடிவதற்குள் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம்.